ராஜா வேடம் யாருக்கு?

‘பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக எண்ண வேண்டும்’ என்று விடைத்தாளில் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்குவது எளிது. அதை எழுதிய மாணவர் அன்று மாலையே கூடப் படிப்பவனை அவன் சாதியையோ நிறத்தையோ திக்கிப் பேசுவதையோ சொல்லிக் கேலி செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நீதிபோதனை வகுப்பு நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. ஆனாலும் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவரை, அவருடைய பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்துத் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி அடையாளமாக மாணவர்கள் மணிக்கட்டில் கட்டிவரும் வண்ணக் கயிறுகளைப் பற்றிக்கூட அந்த அறிக்கை பேச வேண்டியிருந்தது.

சொல்லிக் கொடுத்து வராத பரிவு, செய்து பார்த்தால் வருமா? வரும் என்று நம்பும் கல்வியாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நாடகம், சேர்ந்து பாடுவது, வரைவது, கதை சொல்வது ஆகியவற்றைப் பாடவேளைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் சொல்வதில் எவ்வளவு சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது, எங்கே வேலை செய்தது, எங்கே சறுக்கியது என்பதை இங்கே பார்க்கலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கலை இருந்தால் மட்டும் போதாது. யார் யாரோடு சேர்ந்து அதைச் செய்கிறார்கள், யாருக்கு எந்த இடம் கிடைக்கிறது என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது.

பரிவுக்குள் மூன்று வேலைகள்

பரிவு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை உளவியலாளர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று புரிந்துகொள்வது ஒன்று. அவர் படும் பாட்டை நாமும் ஓரளவு உணர்வது இன்னொன்று. உணர்ந்ததை வைத்து ஏதாவது செய்வது மூன்றாவது.

இந்த மூன்றும் சேர்ந்தே வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வகுப்பில் கேலி செய்வதில் கெட்டிக்காரனான பையனைக் கவனித்துப் பாருங்கள். எதைச் சொன்னால் யாருக்கு எங்கே வலிக்கும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். முதல் வேலையில் அவன் நூற்றுக்கு நூறு. குறை மற்ற இரண்டில்தான். அதனால் ‘அடுத்தவர் இடத்தில் நின்று யோசி’ என்று மட்டும் சொல்வது அரைகுறை வைத்தியம். யோசிப்பது, உணர்வது, செய்வது மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்கிற ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். நடிப்பு அப்படிப்பட்ட வேலை. வேடம் போட்டவர் அந்தப் பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்று யோசித்தாக வேண்டும், அதன் கோபத்தையோ பயத்தையோ உடம்பில் கொண்டுவர வேண்டும், மேடையில் ஏதோ ஒன்றைச் செய்தும் காட்ட வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர்கள் தாலியா கோல்ட்ஸ்டீனும் எல்லன் வின்னரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. ஏறத்தாழ ஒரு பள்ளியாண்டு நடிப்புப் பயிற்சி பெற்ற மாணவர்களை, அதே காலம் ஓவியமோ இசையோ கற்ற மாணவர்களோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். நடிப்பு கற்றவர்களிடம் பரிவு கூடியிருந்தது. பதின்பருவத்தினரிடம், பிறர் மனத்தில் ஓடுவதை ஊகிக்கும் திறனும் கூடியிருந்தது. ஒப்பிடப்பட்டவர்களும் கலை கற்றவர்கள்தான் என்பதால், ‘ஏதோ ஒரு கலை’ என்பதைவிட வேடம் ஏற்பதுதான் இங்கே வேலை செய்திருக்கிறது என்று கொள்ள இடம் இருக்கிறது.

சேர்ந்து தாளம் போட்டவர்கள்

இசைக்குப் பலனில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. இசை வேறு வழியாக வருகிறது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் டொமசெல்லோ இருவரும் நான்கு வயதுக் குழந்தைகள் 96 பேரை இரண்டிரண்டு பேராக விளையாட விட்டார்கள். தூங்கும் தவளைகளை எழுப்புவது விளையாட்டு. பாதி ஜோடிகள் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் தாளம் தட்டிக்கொண்டும் எழுப்பினார்கள். மீதிப் பேர் அதே விளையாட்டைப் பாட்டும் தாளமும் இல்லாமல் ஆடினார்கள். பிறகு ஒவ்வொரு குழந்தையின் கையிலும் கோலிக்குண்டுகள் நிரம்பிய ஒரு குழாய். ஒரு குழந்தையின் குழாய் மட்டும் திறந்துகொள்ளும்படி முன்பே செய்து வைத்திருந்தார்கள். குண்டுகள் தரையில் சிதறின. கூட இருக்கும் குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. சேர்ந்து பாடி ஆடிய ஜோடிகளில், குனிந்து பொறுக்கிக் கொடுத்த குழந்தைகள் கூடுதலாக இருந்தார்கள். 2010இல் வெளியான ஆய்வு இது.

இதில் யாரும் யாருக்கும் நல்லொழுக்கம் போதிக்கவில்லை. ஒரே தாளத்தில் சிறிது நேரம் சேர்ந்து அசைந்ததே ‘நாம் இருவரும்’ என்ற உணர்வைத் தந்துவிட்டது. கும்மியும் கோலாட்டமும் நாற்று நடவுப் பாட்டும் இதை வைத்தே ஊரைக் கூட்டி வைத்தவை. கூடவே இன்னொன்றும் உண்டு: கும்மி வட்டத்துக்குள் யாரை விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பதையும் ஊர் முன்கூட்டியே முடிவு செய்துவிடும். வட்டம் உள்ளே இருப்பவர்களை நெருக்கமாக்கும் அளவுக்கு வெளியே நிற்பவர்களை அந்நியமாக்கவும் வல்லது. பள்ளிக்கூடத்தில் இசையைக் கொண்டுவரும்போது மறக்கக் கூடாத பாடம் இது.

‘நிறுத்து!’ என்று சொல்லும் பார்வையாளர்

பார்வையாளரையும் பங்கேற்க வைக்கும் நாடகத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் (1931–2009). ராணுவ ஆட்சி அவரை 1971இல் கைது செய்து சித்திரவதை செய்தது. நாட்டை விட்டு வெளியேறியவர் 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் பணியாற்றினார். தன் நாட்டவரான கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேவின் சிந்தனை அவருக்குத் துணையாக இருந்தது.

பெருவில் நடந்த ஒரு சம்பவத்தை அவரே எழுதியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் கணவன் சில காகிதங்களைக் கொடுத்து, வீடு கட்டுவதற்கான ரசீதுகள், பத்திரமாக வை என்கிறான். அண்டை வீட்டார் படித்துச் சொன்ன பிறகுதான் அவை அவனுடைய காதலியின் கடிதங்கள் என்று தெரிகிறது. அவள் என்ன செய்ய வேண்டும்? நாடகத்தைப் பாதியில் நிறுத்திப் பார்வையாளர்களிடம் யோசனை கேட்டார்கள். ஒரு பெண் சொன்ன யோசனையை நடிகர்கள் எத்தனை முறை நடித்துக் காட்டியும் அவருக்குத் திருப்தி வரவில்லை. ‘நீங்களே வந்து காட்டுங்கள்’ என்றார் போவால். அந்தப் பெண் மேடையேறி, துடைப்பத்தை எடுத்துக் கணவன் வேடக்காரரை விளாசிவிட்டார்.

பார்வையாளர் தன் இருக்கையிலிருந்து எழுந்து பாத்திரமாக மாறும் இந்த முறைதான் ‘ஃபோரம் தியேட்டர்’ என்று உலகெங்கும் பரவியது. மேற்கு வங்கத்தில் சஞ்சய் கங்கூலி 1985இல் தொடங்கிய ‘ஜன சன்ஸ்கிருதி’ அமைப்பு இதைக் கிராமங்களில் பல்லாண்டுகளாகச் செய்துவருகிறது.

வகுப்பறையில் இது எப்படி நடக்கும்? ஒரு கற்பனைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். திருப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு. பின்னலாடைக் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் பிகாஷ். அவன் தாய்மொழி ஒடியா. வகுப்பில் அவன் பெயர் ‘இந்திக்காரன்’. ஆசிரியர், “அஞ்சஞ்சு பேரா குரூப் பிரிஞ்சுக்கோங்க” என்கிறார். எல்லோரும் அவரவர் கூட்டாளியை இழுத்துக்கொள்ள, பிகாஷ் தனியாக நிற்கிறான். ஆசிரியர் ஒரு குழுவில் தள்ளிவிடுகிறார். குழுத் தலைவன் அவனிடம் சார்ட் பேப்பரின் ஓரத்தைக் கொடுத்து, “இதைப் புடிச்சிக்கோ, போதும்” என்கிறான். பிகாஷ் தெரிந்த விடையைத் தன் தமிழில் சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான், மூன்று நிமிட நாடகம். முடிவு வேண்டுமென்றே மோசமாக இருக்கும்.

அடுத்து அதே காட்சியை மறுபடி நடிப்பார்கள். இம்முறை பார்த்துக்கொண்டிருக்கும் எந்த மாணவரும் ‘நிறுத்து!’ என்று சொல்லி, ஒரு பாத்திரத்தின் இடத்துக்கு வந்து வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். இரண்டே நிபந்தனைகள். கேலி செய்பவனை மாற்றிவிட்டு ‘அவன் நல்லவனாகிவிட்டான்’ என்று முடிக்கக் கூடாது; அப்படி நிஜத்தில் நடப்பதில்லை. நடக்கவே முடியாத மாயத் தீர்வும் கூடாது. நடுவில் நின்று நடத்துபவருக்குப் போவால் வைத்த பெயர் ‘ஜோக்கர்’. நம் தெருக்கூத்தின் கட்டியங்காரன் போல அவரும் ஆட்டத்துக்கும் அவைக்கும் நடுவே நிற்பவர். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார், கேள்விதான் கேட்பார்.

ஒரு பையன் பிகாஷாக மாறிக் கோபத்தில் சண்டை போட்டுப் பார்க்கிறான் என்று வையுங்கள். ‘ரவுடி’ என்ற புதுப் பெயரோடு மறுபடி தனியாகிறான். இன்னொருத்தி ஆசிரியரிடம் புகார் செய்கிறாள். ஆசிரியர் திட்டுகிறார்; மறுநாள் கேலி இன்னும் கூடுகிறது. மூன்றாவதாக ஒருவர், குழுவில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த பெண்ணின் இடத்துக்கு வருகிறார். “அவன் சொன்னது சரிதான்டா. சார்ட்ல அதை அவனே எழுதட்டும்” என்கிறார். குழுத் தலைவனாக நடிப்பவனுக்கு உடனே பதில் வருவதில்லை. கேலி செய்பவனுக்கும் கேலிக்கு ஆளாகிறவனுக்கும் நடுவே, வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் கையில்தான் சாவி இருக்கிறது என்பதை வகுப்பு தானாகவே கண்டுபிடிக்கிறது. எந்தப் பாடப்புத்தகமும் இதை இவ்வளவு நன்றாகச் சொல்லித்தர முடியாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: வகுப்பில் நிஜமாகவே ஒரு பிகாஷ் இருந்தால், அவனைப் பிகாஷாக நடிக்கச் சொல்லக் கூடாது. அவன் விரும்பினால் குழுத் தலைவனாக நடிக்கட்டும், ஜோக்கராக நிற்கட்டும், வெறுமனே பார்க்கட்டும். காயத்தைக் காட்சிப் பொருளாக்குவது பரிவுக் கல்வி ஆகாது.

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

குழந்தைகள் ஏற்கெனவே ஒரே வகுப்பில் இருக்கும் இடத்தில் இதெல்லாம் சரி. ஒன்றாகச் சேரவே வாய்ப்பில்லாத குழந்தைகளுக்கு?

இலங்கையின் கிழக்கில் மட்டக்களப்புப் பகுதியில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரு சமூகத்தின் வீட்டு மொழியும் தமிழ்தான். ஆனால் 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு ஒருவர் ஊருக்குள் மற்றவர் போவதே அச்சமாகிவிட்டது. பாடசாலைகளும் பெரும்பாலும் தனித்தனி. மொழி ஒன்றாக இருந்தும் பேசிக்கொள்ள இடமில்லாத குழந்தைகள் ஒரு தலைமுறையாக வளர்ந்தார்கள்.

போர் நடந்துகொண்டிருந்த 1996இல் மட்டக்களப்பில் ‘வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா’ தொடங்கியது. கனடியக் கலைஞர் பால் ஹோகனும், இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான பால் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் பின்னால் இருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தத்தம் ஊர்களிலிருந்து பேருந்தில் ஒன்றாக வந்து இறங்குவார்கள். வாரத்தில் ஒரு நாள், மாதக்கணக்கில். களிமண்ணில் உருவம் செய்வது, வரைவது, கதை கட்டுவது, பாடுவது, செடி வளர்ப்பது, பிராணிகளைப் பார்த்துக்கொள்வது என்று நாள் போகும். வழிநடத்தியவர்களும் எல்லாச் சமூகங்களிலிருந்தும் வந்த உள்ளூர் இளைஞர்கள். முடிவில் பிள்ளைகள் தாங்களே புனைந்த கதையை ஆடிப்பாடி அரங்கேற்றுவார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ‘போரில் உனக்கு என்ன நடந்தது, சொல்’ என்று எந்தப் பிள்ளையையும் யாரும் வற்புறுத்தவில்லை. பேய், மிருகம், மரம் என்று கதைக்குள் வைத்துச் சொல்ல வழி இருந்தது. இரண்டாவது, ‘ஒற்றுமையாக இருங்கள்’ என்ற சொற்பொழிவுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு காகிதக்கூழ் பொம்மையை இரண்டு பேர் பிடித்து ஆட்ட வேண்டுமானால் இருவரும் பேசித்தான் ஆக வேண்டும். மூன்றாவது, காலம். ஒரு நாள் ‘நல்லிணக்க முகாம்’ போட்டுப் படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோகவில்லை. அதே முகங்கள் வாரவாரம் சந்தித்தன. பகையைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகியிருக்கும்போது, அதைக் கழற்றி வைக்க ஒரு பகல் போதாது.

எந்தக் கலை உள்ளே வருகிறது?

பள்ளிகளில் ‘பாட்டு டீச்சர்’ என்றால் கர்நாடக சங்கீதம், ‘டான்ஸ் கிளாஸ்’ என்றால் பரதநாட்டியம் என்பது வெகுகாலப் பழக்கம். பறையும் தெருக்கூத்தும் ஒயிலும் வெளியே நின்றன. ஒரு குழந்தையின் தாத்தா வாசித்த வாத்தியத்துக்குப் பள்ளிக்குள் இடமில்லை என்றால், அந்தக் குழந்தைக்கு அங்கே எவ்வளவு இடம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய ‘சக்தி’ கலைக்குழு இந்த முடிச்சை வேறு முனையிலிருந்து அவிழ்த்தது. கிராமத்து தலித் இளம்பெண்களுக்கு அங்கே பறை கற்றுத் தரப்பட்டது. சாவு வீட்டோடும் சாதி இழிவோடும் பிணைக்கப்பட்ட கருவி அது. அதிலும் ஆண்கள் மட்டுமே அடித்தது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் நிமிர்ந்து நின்றபோது இரண்டு தடைகள் ஒன்றாக உடைந்தன. அமெரிக்க இசையியல் அறிஞர் ஜோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார்.

இதிலிருந்து பள்ளிக்கு ஒரு பாடம் இருக்கிறது. பறையைப் ‘பறையடிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு’ மட்டும் கொடுத்தால் பழைய ஏற்பாடே தொடரும். எல்லாப் பிள்ளைகளும் அடிக்க வேண்டும். அதை நன்றாக அறிந்த குடும்பத்திலிருந்து ஒரு பெரியவர் ஆசிரியராக வந்து நிற்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பதும் பிள்ளைகள் படிக்கும் பாடம்தான்.

வெள்ளைக் கையுறைகளும் ஒரு கசப்பான கணக்கும்

வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் தொடங்கிய ‘எல் சிஸ்டெமா’ உலகப் புகழ் பெற்றது. குழந்தைகளுக்குக் கட்டணமில்லாமல் இசைக்கருவி கற்றுத்தந்து, இசைக்குழுவில் சேர்த்து, வறுமையிலிருந்தும் வன்முறையிலிருந்தும் விலக்கி வைப்பது நோக்கம். அதன் கிளைகளில் அழகானது பார்கிசிமேடோ நகரில் உருவான ‘வெள்ளைக் கைகள்’ பாடகர் குழு. குழுவின் ஒரு பகுதியினர் குரலால் பாடுவார்கள். காது கேளாத பிள்ளைகள் உள்ளிட்ட மற்றவர்கள் வெள்ளைக் கையுறை அணிந்து, அதே பாட்டைக் கை அசைவுகளால் நிகழ்த்துவார்கள். காது கேளாத பிள்ளையை ‘நீயும் ஓரமாக நின்றுகொள்’ என்று பாடகர் வரிசையில் சேர்த்துக்கொள்ளவில்லை. பாட்டின் வடிவத்தையே அவருக்கும் சேர்த்து மாற்றினார்கள். எல்லோரையும் உள்ளடக்குவது என்று சொல்வதன் பொருள் இதுதான்.

அதே எல் சிஸ்டெமாவைப் பற்றி 2017இல் வெளியான ஓர் ஆய்வு நிதானமாகப் படிக்க வேண்டியது. 16 மையங்களில் 2,914 குழந்தைகளைப் பார்த்த ஆய்வு அது. குழந்தைகளின் சுயகட்டுப்பாட்டில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. பிறருக்கு உதவும் குணம் போன்றவற்றில் மொத்தத்தில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அதைவிட உறுத்தும் கணக்கு ஒன்று: ஆய்வில் இருந்த குழந்தைகளில் ஏழைகள் 16.7 சதவீதம், அந்தப் பகுதிகளின் வறுமை விகிதமோ 46.5 சதவீதம். ஏழைகளுக்காக என்று திறந்து வைத்த கதவு வழியாக, ஓரளவு வசதியுள்ளவர்களே அதிகம் நுழைந்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை என்பதால் மட்டும் எல்லோரும் வந்துவிட மாட்டார்கள். மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய அக்காவும், கடையில் உட்கார வேண்டிய பையனும் பள்ளி முடிந்த பிறகு நடக்கும் வகுப்புக்கு வர முடியாது. கலை பள்ளி நேரத்துக்குள், எல்லோருக்கும் பொதுவான பாடவேளையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் செய்தது அதைத்தான். 42 பள்ளிகளில் குலுக்கல் முறையில் சில பள்ளிகளுக்கு மட்டும் கூடுதல் கலை வகுப்புகளும் கலைஞர்களின் வருகையும் கொடுத்து, 10,548 மாணவர்களைக் கவனித்தார்கள். டேனியல் போவன், பிரையன் கிசிடா இருவரும் 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாகும் மாணவர் விகிதம் 3.6 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண் கூடியது. பிறர்மீதான கரிசனமும் கூடியது. கூடிய அளவு சிறியதுதான். ஆனால் குலுக்கலில் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டதால் அந்தச் சிறிய அளவை நம்பலாம். கலை மந்திரக்கோல் அல்ல. அதே நேரம் நேர விரயமும் அல்ல.

சறுக்கும் இடங்கள்

நம் ஊர் ஆண்டு விழா ஒத்திகையை ஒருமுறை ஓரமாக நின்று பாருங்கள். ‘கலரான’ பெண் நடுவில், மற்றவர்கள் பின்வரிசையில். ராஜா வேடம் ஆசிரியருக்குப் பிடித்த பையனுக்கு. சேவகன், திருடன், அரக்கன் வேடங்கள் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும். உடை வாடகை கொடுக்க முடியாதவர் பெயர் பட்டியலில் இருக்காது. சக்கர நாற்காலிப் பிள்ளை முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டும். இங்கே கலை இருக்கிறது, பரிவு வளரவில்லை. சமூகத்தில் யாருக்கு எந்த இடம் என்பதற்கு ஓர் ஒத்திகைதான் நடக்கிறது.

போட்டிகளிலும் எச்சரிக்கை தேவை. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி மாநிலம் வரை போகிறது. வெல்பவர்களுக்குக் ‘கலையரசன்’, ‘கலையரசி’ விருதுகள் உண்டு. மேடையே கிடைக்காத ஆயிரமாயிரம் பிள்ளைகளுக்கு அது மேடை தந்திருக்கிறது. நாட்டுப்புறக் கலைகளுக்கும் மரியாதை தந்திருக்கிறது. ஆனால் போட்டி என்பது இயல்பிலேயே நன்றாகச் செய்பவரை வடிகட்டி எடுப்பது. வடிகட்டலில் கீழே தங்குபவர்களுக்கும் ஒரு வகுப்பு வேண்டும். சி.பி.எஸ்.இ. 2019இல் கலையோடு இணைந்த கற்பித்தலைக் கட்டாயமாக்கியது. அது பல வீடுகளில் இரவு பதினொரு மணிக்கு அம்மா சார்ட் பேப்பரில் ஒட்டும் வேலையாக முடிவதைப் பெற்றோர் அறிவார்கள்.

இன்னொரு சறுக்கல் ‘ஒரு நாள் அனுபவம்’. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார் என்று விளையாட்டு வைப்பது வழக்கமாகிவிட்டது. இத்தகைய பாவனைகளைப் பற்றி 2017இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு, பங்கேற்றவர்களிடம் இரக்கம் கூடினாலும் மாற்றுத்திறனாளிகளோடு பழகும் மனப்பான்மை மேம்படவில்லை என்றது. கண்ணைக் கட்டியதும் கிடைப்பது திடீர்த் தடுமாற்றம் மட்டுமே. பார்வையற்றவர் ஆண்டுக்கணக்கில் பழகிய திறமை அதில் தெரிவதில்லை. ‘ஐயோ பாவம்’ என்று வெளியே வருபவர் அவரைச் சமமாக நினைப்பதில்லை. பார்வையற்ற மாணவரோடு சேர்ந்து ஒரு வானொலி நாடகம் தயாரித்தால் கதை வேறு: அங்கே காது கூர்மையானவர்தான் இயக்குநர்.

வகுப்பறையில் தொடங்க

பணம் அதிகம் தேவைப்படாத சில நடைமுறைகள்:

* வேடத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். ஒவ்வோர் ஒத்திகையிலும் வேடம் மாறட்டும். ராஜாவாக இருந்தவர் அடுத்த வாரம் பல்லக்குத் தூக்கட்டும்.
* குழுக்களை ஆசிரியரே கலந்து பிரிக்கட்டும். ‘பிடித்தவர்களோடு சேருங்கள்’ என்றால் தெருவும் சாதியும்தான் பிரித்துக் கொடுக்கும்.
* கதையை வேறு பாத்திரத்தின் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பாட்டி வடை சுட்ட கதையைக் காக்கையும் சொல்லலாம், நரியும் சொல்லலாம். வடை பறிபோன பாட்டிக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.
* நடித்த உடனே மணி அடித்துக் கலைந்து போக வேண்டாம். பத்து நிமிடம் பேச வேண்டும். ‘இது நல்ல செயலா?’ என்பதைவிட ‘அந்த இடத்தில் நின்றபோது உனக்கு என்ன தோன்றியது? வேறு யார் என்ன செய்திருக்கலாம்?’ என்ற கேள்விகள் பயன் தரும்.
* பேச விரும்பாத பிள்ளைக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இருக்கட்டும். ஒளி, ஒலி, வரைதல் என்று வேறு வேலைகள் எப்போதும் உண்டு.
* நாடகத்தில் வெளிப்பட்ட நிஜமான கொடுமையை நாடகத்தோடு விட்டுவிடக் கூடாது. ஒரு பிள்ளை அடிபடுவது தெரியவந்தால் அது தலைமையாசிரியரும் குழந்தைகள் உதவி எண் 1098உம் பார்க்க வேண்டிய விஷயம்.

இவற்றுக்கெல்லாம் வேண்டிய ஆள் ஆசிரியர். ஓவியம், இசை, தையல் போன்றவற்றுக்குத் தமிழக அரசுப் பள்ளிகளில் 2012இல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வந்திருக்கிறார்கள். வாரத்தில் சில அரை நாட்கள் வந்துபோகும் ஒருவரிடம், ஒரு வகுப்பின் உறவுகளையே மாற்றியமைக்கச் சொல்வது நியாயமில்லை. கலை வகுப்பு கால அட்டவணையில் இருக்கிறதா, அந்த வேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்கிறாரா, கலை ஆசிரியருக்கு முழுச் சம்பளமும் பயிற்சியும் கிடைக்கிறதா என்பவை பரிவைப் பற்றிய கேள்விகளே.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையிடம் ‘பரிசு வாங்கினாயா?’ என்று கேட்பது நம் வழக்கம். கூடவே ‘யாரோடு சேர்ந்து செய்தாய்? அவனுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?’ என்றும் கேட்டுப் பழகலாம். பள்ளி என்ன கற்றுத்தருகிறது என்பது பரிசுக் கோப்பையைவிட இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் தெளிவாகத் தெரிந்துவிடும்.